சிவப்புச் சீட்டு கட்டப்பட்ட அட்லஸ்

எனக்கு வழி தெரியாது. இதை அடக்கத்தினால் சொல்லவில்லை, உடல்நிலை பற்றிய தகவலாகச் சொல்கிறேன். சிலருக்குச் சர்க்கரை, சிலருக்கு ரத்த அழுத்தம், எனக்குத் திசை. குன்றத்தூரில் பல வருடங்களாக ஒரே வீட்டில் குடியிருக்கிறேன். மலைக்கோயில் கண்ணில் படுகிற எந்த இடத்திலிருந்தும் வீடு திரும்பிவிடுவேன். மலை மறைந்துவிட்டால் மனைவிக்குப் போன் செய்வேன்.

"இப்ப எந்தப் பக்கம் பாத்து நிக்கிறீங்க?" என்பாள்.

"முன்பக்கம்" என்பேன்.

"அங்கயே நில்லுங்க. நகராதீங்க" என்பாள், ஏதோ நான் நகர்ந்தால் உலகமும் சேர்ந்து கலைந்துவிடும் என்பதைப்போல.

இப்படிப்பட்டவன் நிலப்படங்களைப் பற்றியும் புவியியலைப் பற்றியும் புத்தகம் புத்தகமாக வாங்கிச் சேர்த்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. சமைக்கத் தெரியாதவர்கள்தான் சமையல் நிகழ்ச்சியை விளம்பரம் உட்பட விடாமல் பார்க்கிறார்கள். ஆறுகள் படுக்கை மாற்றிக்கொள்ளும் விதம், பாலைவனத்தில் நட்சத்திரம் பார்த்துப் போன வணிகர்கள், இல்லாத தீவுகளைத் தைரியமாக வரைந்து அவற்றுக்குப் பெயரும் வைத்த படக்காரர்கள் என்று எல்லாம் எனக்கு அத்துப்படி. போரூரிலிருந்து வீட்டுக்கு வருவதுதான் கஷ்டம்.

வேலை ஒரகடத்தில், வாகன உதிரிபாகங்கள் செய்கிற ஓர் ஆலையின் பயிற்சிப் பிரிவில். புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஹெல்மெட்டை எப்படிப் போடுவது, கையை எங்கே வைக்கக்கூடாது, தீப்பிடித்தால் எந்த வாசல் வழியாக ஓடுவது என்றெல்லாம் வகுப்பு எடுப்பேன். அந்தக் கடைசிப் பாடத்தை நான் எடுப்பதைப் பற்றி ஆலைக்குள் பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள். காரணம், ஓர் ஆயுத பூஜை நாள். கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு, சிங்கப்பெருமாள் கோவில் வரை ரயிலில் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினேன். நீலக் கூரை, வெள்ளைச் சுவர், ஒட்ட வெட்டிய புல். உள்ளே போனேன். விழா நாளானதால் வாசலில் யாரும் கேட்கவில்லை. சந்தனம் கொடுத்தார்கள், பொரியும் கடலையும் கொடுத்தார்கள். தின்று முடித்து என் மேஜையைத் தேடியபோதுதான் அது பக்கத்து ஆலை என்று தெரிந்தது. எல்லா ஆலைகளுக்கும் அதே நீலக் கூரை என்பதை என் தரப்பு வாதமாக இன்றுவரை சொல்லி வருகிறேன். யாரும் ஏற்கவில்லை.

எங்கள் கேன்டீன் வாசலில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. மேல் தட்டில் வாழ்க்கையில் முன்னேறச் சொல்லும் புத்தகங்கள், கீழ்த் தட்டில் அரசு வேலைத் தேர்வுக்கான வழிகாட்டிகள். நடுத்தட்டு காலியாக இருந்தது. அதை எனக்குக் கொடுங்கள் என்று மனிதவளப் பிரிவில் கேட்டேன். இத்தனை வருட வேலையில் யாரும் சொல்லாமல் நானாகப் போய்க் கேட்டது அது ஒன்றுதான். என் வீட்டுப் புத்தகங்களில் நல்லதாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு கிளம்பியபோது மனைவி சொன்னாள்: "வீட்ல இருந்தா நீங்க ஒருத்தராவது படிப்பீங்க. அங்க போனா அதுவும் இல்ல."

அவளுக்கு ஒரு பதில் வைத்திருந்தேன், ஆனால் சொல்லவில்லை. எங்கள் ஆலையில் வேலை செய்கிற பிள்ளைகளில் பாதிப்பேர் தெற்கத்திக்காரர்கள். ரயிலில் வந்து இறங்குவார்கள். ஷேர் ஆட்டோ, ஹாஸ்டல், மறுநாளிலிருந்து திரை போட்ட கம்பெனி பஸ். ஹாஸ்டலிலிருந்து அசெம்பிளி லைன், லைனிலிருந்து ஹாஸ்டல். ஓர் ஊரைக் கண்ணால் பார்க்காமலேயே அதில் வருடக்கணக்காக வாழ்ந்துவிட முடியும் என்பதற்கு நானே சாட்சி. ஆனால் எனக்கு அது வியாதி. அவர்களுக்கு என்ன வந்தது? தான் நிற்கிற இடம் எது என்று ஒருவராவது தேடிப் பார்த்தால் போதும் என்று நினைத்தேன்.

நடுத்தட்டில் நான் வைத்தவை எல்லாமே நான் யாருக்கும் சிபாரிசு செய்யத் தயங்காத புத்தகங்கள். பெரிய பள்ளிக்கூட அட்லஸ் ஒன்று. வெயிலிலும் காட்டிலும் சங்கிலியை இழுத்து இழுத்து நிலத்தை அளந்தவர்களைப் பற்றிய தடித்த புத்தகம். அதைப் படித்தால் நம் வேலை எவ்வளவு சொகுசு என்று புரியும். கருவி இல்லாமல் அலையின் சாய்வைப் பார்த்தே தீவு விட்டுத் தீவு போன மாலுமிகளைப் பற்றிய மெல்லிய புத்தகம். அது பஸ்ஸில் படிக்க ஏற்றது. வரைபடங்கள் எப்படியெல்லாம் பொய் சொல்லும் என்று விளக்குகிற ஒன்று. அதை மட்டும் கொஞ்சம் வயதானவர்களிடம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எதையும் நம்பாமல் போய்விடுவார்கள். ஐந்திணை நிலங்களைப் பற்றி ஒன்று. ஒரகடம் எந்தத் திணையில் சேரும் என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். விலங்கு கன்டெய்னர் லாரி, பறை ஷிப்ட் சைரன், உரிப்பொருள் ஓவர்டைம். இலக்கணம் இடம் தரவில்லை, சிப்காட் தந்தது. கடைசியாக, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகளைப் பற்றிய பழைய புத்தகம். அதன் பின்னட்டை உறைக்குள் ஒரு பெரிய நிலப்படம் மடித்து வைக்கப்பட்டிருக்கும்.

யாரும் தொடவில்லை. மேல் தட்டு குறைந்தது, கீழ்த் தட்டு கிழிந்தது, நடுத்தட்டு கண்ணாடிக்குப் பின்னால் பெண் பார்க்க வருகிறவர்களுக்காகக் காத்திருக்கும் குடும்பம்போல் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது.

இந்த நேரத்தில்தான் ஆடிட் வந்தது. எங்களைப் போன்ற ஆலைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், தரையில் மஞ்சள் கோடு, மேலே பெயர்ச்சீட்டு. பயன்படாத பொருள் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கக்கூடாது. அப்படி எதையாவது பார்த்தால் அதில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டிவிடுவார்கள். ஒரு மாதத்துக்குள் அது பயன்பட்டதாகக் காட்டாவிட்டால் பின்வாசல் பக்கம் ஒதுக்கிய இடத்துக்குப் போகும், அங்கிருந்து பழைய இரும்புக்காரரிடம் போகும். நாற்காலி, மேஜை விசிறி, உடைந்த எடைமெஷின் எல்லாவற்றுக்கும் ஒரே நீதி.

இந்த ஒழுங்கைக் கவனிக்கும் இன்ஜினியர் பெண்ணுக்கு வயது குறைவு, கண்டிப்பு அதிகம். நான் சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் நடுத்தட்டு முழுவதற்குமாக என் அட்லஸின் முதுகில் சிவப்புச் சீட்டு தொங்கியது.

"மேடம், இது புத்தகம்."

"தெரியுது சார். யூசேஜ் ஜீரோ."

"நான் எடுத்துப் படிக்கிறேனே."

"உங்க புக்கை நீங்களே எடுத்துட்டு நீங்களே வெச்சா அது யூசேஜ் இல்ல சார். இடமாற்றம்."

அவர் சொன்னதில் தவறில்லை. அதனால்தான் கோபம் வந்தது. அட்லஸை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கலாம், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் போயிருக்கலாம். மனைவி ஒன்றும் சொல்ல மாட்டாள், பையைப் பார்ப்பாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையை நினைத்துப் பார்த்தேன். விடுவதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தேன். ஒரு மாதம். ஒரு புத்தகத்தையாவது இந்த ஆலையில் ஒருவர் தானாகத் திறந்து பார்க்க வேண்டும்.

முதலில் எங்கள் பஸ் டிரைவரைப் பிடித்தேன். பிள்ளைப்பாக்கத்துக்காரர், என் வயதுதான். ஏரிப் புத்தகத்தை நீட்டினேன்.

"இன்னா சார் இது, மேப்பு புக்கா?"

"உங்க பக்கத்து ஏரியெல்லாம் இதுல இருக்கு, தலைவரே."

"போன்ல ஒருத்தி சொல்லிகினு வர்றா, அவ பேச்சே எனுக்குத் தாங்கல. லெப்ட்டு திரும்புங்கறா, திரும்புனா முள்ளுச்செடி. இதுல நீ வேறயா?" என்றவர் கியர் கம்பியைத் தட்டிக்கொண்டே சேர்த்தார்: "அதுவும் யாரு குடுக்கறது பாரு. பக்கத்து கம்பெனில பூந்து பொரி துன்னவரு."

முன்சீட்டு முழுவதும் சிரித்தது. புத்தகம் என் மடிக்கே திரும்பி வந்தது.

அடுத்து அசெம்பிளி லைனில் வேலை செய்யும் ஒரு பெண். உடன்குடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவள். என் வகுப்பில் தூங்காமல் இருந்த ஒரே ஆள் என்பதால் அவள்மேல் நம்பிக்கை. அட்லஸைத் திறந்து தமிழ்நாட்டுப் பக்கத்தைக் காட்டினேன். இடைவேளை முடிய நேரம் இருந்தது. அவள் விரலை வைத்துத் திருச்செந்தூரைக் கண்டுபிடித்தாள், அங்கிருந்து கீழே இறக்கினாள். விரல் தண்ணீருக்குள் போனது.

"என்ன சார், எங்கூரு இருக்குற எடத்துல நீலமாக் கெடக்கு?"

"கரையோரம்ல, கொஞ்சம் சின்னதா..."

"சின்னதாவும் இல்ல சார். கடலத்தான் போட்டிருக்கான். எங்கம்மைக்குப் போனப் போட்டு வீட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சான்னு கேக்கட்டுமா?"

"பெரிய அட்லஸ்ல எல்லா ஊரையும் போட முடியாதும்மா."

"அப்ப எதுக்கு சார் பெருசு?"

இதற்குப் பதில் சொல்லக்கூடிய புத்தகம் ஒன்று நடுத்தட்டில் இருந்தது, வரைபடங்கள் பொய் சொல்வதைப் பற்றியது. அதைச் சிபாரிசு செய்ய இது நேரமில்லை என்று வாயை மூடிக்கொண்டேன். அவளும் அட்லஸை மூடிவிட்டு லைனுக்குப் போனாள்.

மாலுமிப் புத்தகத்தை டிஸ்பேட்ச் பிரிவு சூப்பர்வைசரிடம் கொண்டுபோனேன். நம் பாகங்கள் கப்பலில்தானே போகின்றன என்று ஆரம்பித்தேன். "சார், என் வேலை கேட்டோட முடிஞ்சுது. அதுக்கப்புறம் கப்பல் முழுகுனாக்கூட எனக்கு மெயில்ல சிசி தான்" என்றார். அளவைக்காரர்களின் தடித்த புத்தகத்தை ஸ்டோர்ஸில் வாங்கிக்கொண்டார்கள். சந்தோஷமாகத் திரும்பி, அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் அது தாங்கி நின்றது. இதையும் பயன்பாடு என்று எடுத்துக்கொள்ள முடியுமா என்று இன்ஜினியரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அந்த எடத்துக்கு டோர் ஸ்டாப்பர்தான் சார் ஸ்டாண்டர்ட்" என்றார்.

புதிய ஆட்களுக்கான வகுப்பில் தீ விபத்து வரைபடத்துக்குப் பிறகு ஒவ்வொரு புத்தகத்தைப் பற்றியும் சொல்லத் தொடங்கினேன். கேட்டார்கள். வகுப்பு முடிந்ததும் கீழ்த் தட்டிலிருந்து தேர்வு வழிகாட்டியை எடுத்துப் போனார்கள். பஸ்ஸில் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். காதில் ஒயர் மாட்டிக்கொண்டார்கள். மாதம் போய்க்கொண்டே இருந்தது. நானும் விடவில்லை. என்னைத் தூரத்தில் பார்த்தால் டாய்லெட் பக்கம் திரும்பிவிடுகிறவர்களின் எண்ணிக்கை கூடியதே தவிர, நடுத்தட்டில் ஒன்றும் குறையவில்லை.

கெடு முடிந்த அன்று ஹவுஸ்கீப்பிங் அக்கா என் புத்தகங்களை ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டியில் அடுக்கித் தள்ளுவண்டியில் வைத்தார். "நல்ல புத்தகமாட்டம் கீது சார்" என்றார் ஆறுதலாக. இழவு வீட்டில் சொல்கிற தொனி. நானும் வண்டிக்குப் பின்னாலேயே நடந்தேன். கேட்டவர்களிடம், வேறு வேலையாகப் போகிறேன் என்றேன்.

பின்வாசல் பக்கம், பஸ்கள் வந்து நிற்கும் இடத்தை ஒட்டினாற்போல், ஒரு தகரக் கூரை. தரையில் சிவப்புக் கட்டம். இங்கேதான் சிவப்புச் சீட்டுப் பொருட்களைப் பரப்பி வைப்பார்கள். இரும்புக்காரர் வருவதற்கு முன்னால் ஒருநாள் எல்லாப் பிரிவுக்காரர்களும் வந்து பார்க்கலாம். தேவை என்றால் தங்கள் பிரிவுக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இந்த நாள் எங்கள் ஆலையில் கிட்டத்தட்ட ஒரு திருவிழா. நாலு மாதமாக ஸ்டோர்ஸில் சும்மா நின்ற நாற்காலியைத் திரும்பிப் பார்க்காதவர், அதில் சிவப்புச் சீட்டு தொங்கினால் ஓடி வருவார். வேண்டாம் என்று ஒருவர் சொன்னது தெரிந்தால்தான் நம் ஆட்களுக்கு அது வேண்டும் என்று தோன்றும். இத்தனை வருடமாக இதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தும் ஒரு மாதம் கேன்டீன் வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிபாரிசு செய்தேன் பாருங்கள், அதுதான் எனக்குத் திசை தெரியாததன் இன்னொரு வடிவம்.

பகல் ஷிப்ட் விட்டிருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் கூரைக்குள் வந்து விசிறியைச் சுற்றிப் பார்த்தார்கள், வெள்ளைப் பலகையைத் தட்டிப் பார்த்தார்கள். எங்கள் டிரைவரும் வந்தார். பழைய சீட் கவர் ஏதாவது தேறுமா என்று பார்க்க வந்தவர், தொட்டியில் கையை விட்டு ஏரிப் புத்தகத்தை எடுத்தார். நான் கையில் நீட்டியபோது வேண்டாம் என்ற அதே புத்தகம்.

"இத்த ஏன் சார் தூக்கிப் போடறாங்கோ? நல்லாத்தானே கீது."

சிபாரிசு செய்யாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் பின்னட்டை உறையிலிருந்து படத்தை உருவி, கிடந்த ஒரு மேஜைமேல் விரித்தார். கொஞ்சம் குனிந்தார். இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"தோ, இது எங்க ஏரி. இன்னாமோ இம்மாம்பெருசா போட்டுகிறான்."

"அப்ப பெருசா இருந்திருக்கும் தலைவரே" என்றார் பக்கத்தில் நின்ற எலக்ட்ரீசியன். அவர் வல்லம் பக்கத்துக்காரர்.

"அப்பலாம் இல்ல, நான் பார்த்தப்பவே இவ்ளோ கெடையாது. கால்வாய இந்தப் பக்கம் போட்டுகினு கீறான், அது அந்தப் பக்கம்பா."

"எந்தப் பக்கம்? படத்த தலைகீழா வெச்சுகினு பேசற."

"தலைகீழா நீதான் நிக்கற."

படம் திருப்பப்பட்டது. மறுபடி திருப்பப்பட்டது. எலக்ட்ரீசியன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கால்வாயைத் தன் கட்சிப்படி வரைந்தார். டிரைவர் பேனாவைப் பிடுங்கி அந்தக் கோட்டை அடித்துவிட்டு, தன் கட்சிப்படி வரைந்தார். ஆலை எங்கே வரும் என்று யாரோ கேட்டார்கள். ஏரிக்கும் கால்வாய்க்கும் நடுவே ஒரு கட்டம் போட்டார்கள். "அதான் மழைக்கு பின்கேட்ல தண்ணி நிக்குது" என்று ஒரு குரல் வந்தது. கூட்டம் சேர்ந்தது. ஒருவர் தன் மாமியார் ஊரைக் குறித்தார். ஒருவர் ஒரு கோயிலைச் சேர்த்தார். இரண்டு பேர் பஸ்ஸைத் தவறவிட இருந்தார்கள், ஆனால் டிரைவரே மேஜையருகில் நின்றதால் பஸ்ஸும் நின்றது.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேனா மை படத்தில் ஊறிக்கொண்டிருந்தது. பாதுகாத்து வைத்த படம் அது. தடுக்க வாயைத் திறந்து, திரும்ப மூடிக்கொண்டேன்.

உடன்குடிப் பெண் தோழிகளோடு வந்து அட்லஸை எடுத்தாள். "இவுக மட்டுந்தான் போடுவாகளோ?" என்றவள், என்னைப் பார்த்து, "சார், தூக்கிப் போடப்போறதுதானே, எழுதலாம்லா?" என்றாள்.

"எழுதும்மா."

நீலக் கடலின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து, தன் ஊர்ப் பெயரைக் குட்டி எழுத்தில் எழுதினாள். பக்கத்தில் நின்றவள், "அப்ப எங்கூரு?" என்றாள். அவளும் ஒரு புள்ளி வைத்தாள். அது இலங்கைக்குக் கிட்டே போய்விட்டது. அதைப் பற்றி ஒரு சண்டை ஆரம்பித்தது.

இந்த நேரத்தில் இன்ஜினியர் வந்து நின்றார். பஸ்கள் கிளம்பாததற்குக் காரணம் தேடி வந்திருக்கிறார்.

"என்ன சார் இது கூட்டம்?"

"யூசேஜ், மேடம்."

அவர் மேஜையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், சிவப்புச் சீட்டு தொங்க அட்லஸுக்குள் தலையைவிட்டிருந்த பெண்களைப் பார்த்தார். இரக்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு இரக்கத்தைவிட நல்லதாக ஒன்று இருந்தது, விதி.

"கெடு முடிஞ்சிடுச்சு சார். கேன்டீன்ல இதுக்கு இனிமே எடம் கிடையாது."

"சரி மேடம்."

"ஆனா யூஸ் ஆகுதே." கொஞ்சம் யோசித்தார். "எந்த எடத்துல யூஸ் ஆகுதோ அந்த எடத்துலதான் பொருள வெக்கணும். அதான் ரூல். நீங்க தப்பான லொகேஷன்ல வெச்சிருக்கீங்க."

என் வாழ்நாளில் இவ்வளவு துல்லியமான குற்றச்சாட்டை நான் கேட்டதில்லை. இரண்டு நாளில் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெஞ்சுக்குப் பக்கத்தில், சிவப்புச் சீட்டு விழுந்த ஒரு டூல் ரேக்கை நிறுத்தினார்கள். சுற்றி மஞ்சள் கோடு போட்டார்கள், மேலே பெயர்ச்சீட்டு ஒட்டினார்கள். பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயர். ஸ்டோர்ஸ் கதவிலிருந்து தடித்த புத்தகமும் விடுதலையாகி வந்து சேர்ந்தது. அடிப்பக்க அட்டையில் கதவு போட்ட பள்ளத்தோடு.

வீட்டில் சொன்னேன். "அப்ப பழைய சாமான் போடற எடத்துல வெச்சிருக்காங்க" என்றாள் மனைவி.

"பக்கத்துல."

"உங்களுக்கு எல்லாமே பக்கத்துலதான்."

அடுத்த ஆடிட்டில் இன்ஜினியர் ரேக்கைச் சரிபார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். அட்லஸ் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. பொருள் இடத்தில் இல்லையென்றால் பொறுப்பாளர்மேல் குறை எழுதுவார்கள், அதற்குக் காரணமும் திருத்த நடவடிக்கையும் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் பயிற்சிப் பிரிவுக்குப் போகிற வழியில், அதாவது இரண்டு தடவை வழி கேட்டுப் போகிற வழியில், லைனில் உடன்குடிப் பெண்ணைப் பார்த்தேன்.

"அட்லஸ் உங்கிட்டயாம்மா?"

"ஹாஸ்டல்ல கெடக்கு சார். இன்னும் முடியல. ரூம் ரூமா போயிட்டிருக்கு, எல்லாரும் ஊரு போடுதாக. கடல்ல எடம் பத்தல, இப்ப ஓரத்துல போடுதோம்."

"எப்பக் கொண்டுவருவ?"

"நீங்க என்ன சார் இப்பிடி அவசரப்படுதீங்க? தூக்கிப் போட இருந்த பொருள்தானே."

மேஜைக்குப் போய் உட்கார்ந்தேன். காரணம் என்ற கட்டத்தில், "படித்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று எழுதினேன். திருத்த நடவடிக்கை என்ற கட்டத்தில் நெடுநேரம் யோசித்துவிட்டு, "தேவையில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்ஜினியர் அதை ஏற்கவில்லை. இன்னொரு அட்லஸ் வாங்கி வைக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார். வாங்கப் போகிறேன், கடைக்கு எப்படிப் போவதென்று மனைவியிடம் கேட்க வேண்டும்.